மகரந்தம் யார் கணக்கில்? மரபணு மாற்றுப் பயிர் வந்தால் தேனீ வளர்ப்போர் கேட்க வேண்டிய விதி எது

2024 ஜூலை 23 அன்று மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புகள் எழுதினார்கள். நீதிபதி பி.வி. நாகரத்னா அந்தக் கடுகைச் சுற்றுச்சூழலில் வெளியிடக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தார். நீதிபதி சஞ்சய் கரோல் அனுமதி செல்லும் என்றார். ஆனால் மரபணு மாற்றுப் பயிர்களுக்கென்று மத்திய அரசு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும், சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பையும் கலந்து பேசிவிட்டே அதைச் செய்ய வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

எல்லாத் தரப்பு என்றால் விதை நிறுவனம், விஞ்ஞானி, விவசாயி என்றுதான் பலருக்கும் நினைவு வரும். கடுகு பூக்கும் மாதங்களில் பஞ்சாப், ஹரியானா, பீகாரிலிருந்து லாரிகளில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராஜஸ்தான் வயலோரங்களுக்கு வந்து இறங்கும் தேனீ வளர்ப்போரும் ஒரு தரப்பு. வட இந்தியத் தேன் தொழிலுக்குக் கடுகுதான் முதல் பெரிய அறுவடை. அந்தக் கடுகின் மரபணுவை மாற்றும்போது, அவர்கள் பெட்டியில் வரும் தேனுக்கு எந்த விதி பொருந்தும் என்பது அவர்கள் பிழைப்பையே தீர்மானிக்கும். கலந்து பேச அழைத்தால் அவர்கள் எதைக் கேட்க வேண்டும்? உலகில் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட வழிகள் இருக்கின்றன. தேனில் உள்ள மகரந்தத்தை உணவுச் சேர்மானமாகக் கருதிக் கண்டிப்பாக நடத்துவது. தேனின் இயல்பான பகுதி என்று சொல்லி விட்டுவிடுவது. விதைத்தவரிடம் இழப்பீடு வாங்குவது. விதைப்பதற்கு முன்பே தடுப்பது. இந்த நான்கையும் அவை நடந்த இடத்தில் வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு விளக்கம். மரபணு மாற்றுப் பயிர் வந்தால் தேனீ செத்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. இந்த வாதத்தின் மேல் கோரிக்கையைக் கட்டக் கூடாது. மண் நுண்ணுயிரி ஒன்றின் மரபணுவைப் புகுத்திய பி.டி. பயிர்களில் உள்ள புரதம் பெரும்பாலும் காய்ப்புழு, தண்டுத் துளைப்பான் போன்ற பூச்சிகளின் குடலைக் குறிவைப்பது. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், அந்தப் புரதத்தால் தேனீக்களின் உயிர்வாழ்வு குறைந்ததாகத் தெரியவில்லை. களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்களின் கதை வேறு. பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்த வயல்வெளி ஆய்வுகளின் முடிவு 2003-இல் வந்தது. களைக்கொல்லி தாங்கும் பீட்ரூட் வகை, கடுகு வகை வயல்களில் களைகளும் அவற்றின் பூக்களும் குறைந்து, தேனீக்களின் வரத்தும் குறைந்திருந்தது. அதே ஆய்வில் மக்காச்சோள வயல்களில் முடிவு நேர்மாறாக இருந்தது. ஆகவே பயிருக்குப் பயிர், மருந்துக்கு மருந்து நிலைமை மாறும். நான் இங்கே பேசுவது உயிரியல் சேதத்தைவிட உறுதியாகக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பற்றி. தேன் நல்ல தேனாகவே இருந்தும் விற்க முடியாமல் போகிற சேதம் அது.

பவேரியா: கண்டிப்பான விதி யாரைத் தண்டித்தது?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஒருவர் சிறு அளவில் தேனீ வளர்த்து வந்தார். தேன் விற்பார். தேனீக்கள் காலில் சுமந்து வரும் மகரந்தத்தையும் சேகரித்துச் சத்துணவாக விற்பார். அவருடைய பெட்டிகளிலிருந்து 500 மீட்டர் தொலைவில் மாநில அரசுக்குச் சொந்தமான நிலம். அதில் ஆராய்ச்சிக்காக மான்சான்டோ விதை நிறுவனத்தின் எம்.ஓ.என். 810 என்ற பி.டி. மக்காச்சோளம் விதைக்கப்பட்டது. 2005-இல் அவருடைய மகரந்தத்தைச் சோதித்தபோது, அதிலிருந்த மக்காச்சோள டி.என்.ஏ.வில் 4.1 விழுக்காடு எம்.ஓ.என். 810-உடையதாக இருந்தது. தேன் மாதிரிகள் சிலவற்றிலும் மிகச் சிறிய அளவில் தென்பட்டது.

மக்காச்சோளப் பூவில் தேன் சுரப்பதில்லை. தேனீ அங்கே மகரந்தத்துக்காக மட்டும் போகிறது. அந்தச் சிறு போக்குவரத்தே போதுமானதாயிற்று. அந்தத் தேனும் மகரந்தமும் சந்தையில் விற்கும் தகுதியை இழந்துவிட்டன என்று ஆக்ஸ்பர்க் நிர்வாக நீதிமன்றம் 2008 மே மாதம் சொன்னது. மேல்முறையீட்டில் வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு எண் சி-442/09. தீர்ப்பு 2011 செப்டம்பர் 6-இல் வந்தது.

தேனுக்குள் போய்விட்ட மகரந்தம் முளைக்கும் திறனை இழந்துவிட்டது, ஆகவே அதை உயிருள்ள மரபணு மாற்று உயிரி என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் அது மரபணு மாற்று உயிரியிலிருந்து உருவான பொருள், தேனில் ஒரு சேர்மானம். அப்படியானால் அதை உணவாக விற்க முன் அனுமதி வேண்டும். எவ்வளவு சிறிய அளவானாலும், வேண்டுமென்று கலக்காமல் தானாகவே வந்திருந்தாலும், அனுமதி தேவைதான். 0.9 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை ‘மரபணு மாற்று’ என்ற லேபிளுக்கு மட்டும் உரியது, அனுமதிக்குப் பொருந்தாது. எம்.ஓ.என். 810 மக்காச்சோள மாவுக்கு அனுமதி இருந்தது, மகரந்தத்துக்கு இல்லை.

சுற்றுச்சூழல் அமைப்புகள் இந்தத் தீர்ப்பைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடின. சாப்பிடுகிறவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான். தேனீ வளர்க்கிறவருடைய பக்கத்திலிருந்து பாருங்கள். விதைத்தது இன்னொருவர். விதைக்க அனுமதித்தது அரசு. தேனீ பறந்த திசையை யாரும் தீர்மானிக்க முடியாது. கடைசியில் ‘இந்தப் பொருளை விற்காதே’ என்ற கட்டளை வந்து விழுந்தது தேன்காரர் மேல். விதி எவ்வளவு கண்டிப்பாகிறதோ அவ்வளவு பாரம் அவர் தலையில் ஏறுகிறது. தன் தேன் சுத்தமானது என்று நிரூபிக்கும் சோதனைச் செலவும் அவருடையதே.

கடல் கடந்தும் இதன் அதிர்வு போனது. சிலியில் மரபணு மாற்று விதைகளை ஏற்றுமதிக்காகப் பெருக்குகிறார்கள். அந்த நாட்டுத் தேனின் பெரிய சந்தை ஜெர்மனி. எந்த வட்டாரத்தில் எந்த விதை வயல் இருக்கிறது என்று தெரியாமல் பெட்டி வைத்தவர்களுக்கு, இறக்குமதியாளர் கேட்கும் சோதனை அறிக்கை திடீரென்று புதுச் செலவானது. அர்ஜென்டினா, மெக்சிகோ ஏற்றுமதியாளர்களுக்கும் இதே கதைதான். ஐரோப்பிய நுகர்வோரைக் காக்க எழுந்த விதியின் விலையை லத்தீன் அமெரிக்கத் தேன்காரர் கொடுத்தார்.

2014: ஒரு சொல்லை மாற்றி எல்லாவற்றையும் எளிதாக்கியது

ஐரோப்பிய ஒன்றியம் தீர்ப்பின் அடிப்படையையே மாற்றியது. 2014 மே மாத நெறிமுறை (எண் 2014/63) தேன் சட்டத்தைத் திருத்தி, மகரந்தம் தேனுக்கே உரிய இயல்பான பகுதி, சேர்மானம் ஆகாது என்று எழுதியது.

இதன் விளைவைக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். தேனில் மகரந்தத்தின் எடை பொதுவாக 0.5 விழுக்காட்டைத் தாண்டாது. ஒரு கிலோ தேனில் அதிகம் போனால் 5 கிராம். லேபிளில் ‘மரபணு மாற்று’ என்று போட வேண்டிய வரம்பு 0.9 விழுக்காடு. ஒரு கிலோவுக்கு 9 கிராம். அந்த 5 கிராம் மகரந்தம் முழுக்க மரபணு மாற்றுச் செடியிலிருந்தே வந்திருந்தாலும் வரம்பை எட்டாது. ஆக, தேன் புட்டியில் அந்த வாசகம் வர வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

தேன்காரருக்கு இது மூச்சு விட இடம் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. நுகர்வோருக்கோ தெரிந்துகொள்ளும் உரிமை போய்விட்டது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைக்கிற பொருள் எந்த வயலிலிருந்து வந்தது என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கு உண்டு.

இந்திய ஏற்றுமதியாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இதற்குள் இருக்கிறது. 2014 திருத்தம் லேபிளை மட்டுமே தளர்த்தியது. ஐரோப்பாவில் உணவாக அனுமதி பெறாத மரபணு மாற்றுப் பயிரின் மகரந்தம் தேனில் இருந்தால், அந்தத் தேனை இப்போதும் அங்கே விற்க முடியாது. உச்ச நீதிமன்ற வழக்கில் உள்ள நம் கடுகு வகை, டி.எம்.எச்.-11, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழுவினர் உருவாக்கியது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்த பார்னேஸ், பார்ஸ்டார், பார் என்ற மூன்று மரபணுக்களைக் கொண்டது. இதே மரபணுக்களை உடைய கனோலா (கடுகின் உறவுப் பயிர்) வகை ஒன்றுக்கு ஐரோப்பாவில் உணவு அனுமதி உண்டு. ஆனால் அங்கே அனுமதி மரபணுவுக்குக் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட மாற்றம் செய்யப்பட்ட குறிப்பிட்ட பயிருக்குக் கிடைக்கிறது. இந்தியக் கடுகுக்கு அந்த அனுமதி இல்லை. நம் தேனின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது, ஆகவே ஐரோப்பாவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சிலர் சொல்லலாம். ஒரே ஒரு வாங்குபவரை நம்பி நிற்கும் தொழிலுக்கு இரண்டாவது கதவையும் அடைத்துக்கொள்வது நல்லதா என்று அவர்கள் யோசிக்க வேண்டும்.

ஜெர்மன் இழப்பீடும் அது சிக்கிக்கொண்ட இடமும்

ஒப்பீட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த மூன்றாவது வழி. ஜெர்மனியின் மரபணுத் தொழில்நுட்பச் சட்டத்தில் 36அ என்ற பிரிவு இருக்கிறது. மரபணு மாற்றுப் பயிரால் பக்கத்து நிலத்துக்காரருடைய விளைபொருளை விற்க முடியாமல் போனாலோ, ‘மரபணு மாற்று’ லேபிளோடுதான் விற்க முடியும் என்ற நிலை வந்தாலோ, விதைத்தவர் இழப்பீடு தர வேண்டும். யாருடைய வயலிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் சுற்றிலும் அந்தப் பயிரை விதைத்த எல்லோரும் சேர்ந்து பொறுப்பு. விதைப்பதற்கு மூன்று மாதம் முன்பே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வயல் இருக்கும் இடம் பொதுப் பதிவேட்டில் ஏறும். இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2010 நவம்பர் 24 அன்று ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே சொன்னது.

காகிதத்தில் பார்த்தால் தேன்காரருக்கு இதைவிட நல்லது வேறில்லை. ஆனால் இரண்டு இடங்களில் இது கைவிடுகிறது.

முதலாவது, தூரம். ஜெர்மன் விதியில் சாதாரண மக்காச்சோள வயலுக்கும் மரபணு மாற்று வயலுக்கும் இடையே 150 மீட்டர், இயற்கை வேளாண் வயல் என்றால் 300 மீட்டர். காற்றில் பறக்கும் மகரந்தத்தை நினைத்து வைத்த அளவு இது. தேனீ சர்வ சாதாரணமாக 3 கிலோமீட்டர் போய் வரும். அதே ஐரோப்பாவில் இயற்கை வேளாண் தேனுக்கான விதி, பெட்டியைச் சுற்றி 3 கிலோமீட்டரைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஒரே சட்ட மரபுக்குள் தேனீ ஒரு விதியில் 3 கிலோமீட்டர் பறக்கிறது, இன்னொரு விதியில் பறப்பதே இல்லை.

இரண்டாவது இதைவிட ஆழமானது. எதை இழப்பு என்று எண்ணுவது? விற்க முடியாவிட்டால் அல்லது லேபிள் போட நேர்ந்தால் இழப்பு என்கிறது சட்டம். 2014 திருத்தத்துக்குப் பிறகு தேனில் அந்த லேபிள் வரவே வராது. அனுமதி பெற்ற பயிரானால் விற்கவும் தடை இல்லை. அப்படியானால் சட்டப்படி இழப்புக் கேட்கும் முக்கியமான வாசலே குறுகிவிட்டது. ஆனால் சந்தையில் நடப்பது வேறு. சோதனை அறிக்கையில் மரபணு மாற்று மகரந்தம் தெரிந்தால் மொத்த வியாபாரி விலையைக் குறைப்பார், அல்லது வேறு ஊர்த் தேனைத் தேடிப் போவார். அந்த இழப்பு உண்மையானது. சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியாது.

மகரந்தத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதற்கும் இழப்பீட்டுக்கும் உள்ள இந்தப் பிணைப்பைத்தான் நம் தேனீ வளர்ப்போர் சங்கங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உணவு விதியைத் தளர்த்துங்கள் என்று ஒரு மேசையில் கேட்டுவிட்டு, இழப்பீடு கொடுங்கள் என்று இன்னொரு மேசையில் கேட்டால், முதல் கோரிக்கையே இரண்டாவதை வெட்டிவிடும்.

யுகாட்டான்: விதைப்பதற்கு முன்பே நிறுத்தியவர்கள்

மெக்சிகோவின் யுகாட்டான் தீபகற்பத்தில் மாயா மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே கொடுக்கில்லாத் தேனீ வளர்த்தவர்கள். நம் ஊர்க் கொசுத்தேனீயின் தூரத்துச் சொந்தம். அவர்கள் மொழியில் அதன் பெயர் சுனான் காப். இப்போது கொடுக்குள்ள தேனீக்களையும் வைத்து, காட்டுப் பூத்தேனை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். 2012-இல் மெக்சிகோ அரசு களைக்கொல்லி தாங்கும் சோயாவை ஏழு மாநிலங்களில் 253,500 ஹெக்டேர் வரை விதைக்க மான்சான்டோவுக்கு அனுமதி கொடுத்தது. லக்சம்பர்க் தீர்ப்பு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம்.

தேனீ வளர்ப்போர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அறிவியலைவிட உரிமையை முன்வைத்தார்கள். தங்கள் நிலத்தைப் பாதிக்கும் முடிவுக்கு முன் பழங்குடி மக்களைக் கலந்து பேச வேண்டும் என்பது மெக்சிகோ ஏற்றுக்கொண்ட சர்வதேசக் கடமை, அது நடக்கவில்லை. 2015 நவம்பரில் மெக்சிகோ உச்ச நீதிமன்றம் இதை ஏற்று, கம்பெச்சே, யுகாட்டான் மாநிலங்களில் கலந்தாய்வு முடியும்வரை அனுமதியை நிறுத்தி வைத்தது. 2017-இல் அந்நாட்டின் உணவு, வேளாண் சுகாதார அமைப்பு ஏழு மாநிலங்களிலும் அனுமதியை ரத்து செய்தது. ஓப்பெல்சென் பகுதியில் போராட்டத்தை முன்னின்று நடத்திய கொடுக்கில்லாத் தேனீ வளர்ப்பாளர் லேடி பெச்சுக்கு 2020-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

நான்கு வழிகளில் தேன்காரர் தலையில் பாரம் ஏறாத ஒரே வழி இது. சோதனைச் செலவில்லை, லேபிள் சண்டையில்லை, இழப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. பிரச்சினை வயலிலேயே நின்றுவிடுகிறது. அதற்காக இது முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். தடைக்குப் பிறகும் மரபணு மாற்றுச் சோயா அங்கே திருட்டுத்தனமாக விளைந்ததாகச் செய்திகள் வந்தன. சோயாவுக்காகக் காடு அழிவதும் நிற்கவில்லை. மரபணு மாறாத சோயாவும் அதே காட்டைத்தான் தின்கிறது.

இந்தியாவுக்கு இது பொருந்துமா? ஓரளவுக்குத்தான். மாயா தேன்காரர் தன் ஊரிலேயே, தன் சமூக நிலத்திலேயே பெட்டி வைக்கிறார். ஊரைக் கலந்து பேசினால் அவரையும் கலந்து பேசியதாகிறது. கடுகு வயலோரத்தில் பெட்டி இறக்கும் நம் ஆள் அந்த ஊர்க்காரரே கிடையாது. நிலத்துக்காரரிடம் வாய்ப்பேச்சில் இடம் வாங்கி, பூ முடிந்ததும் அடுத்த மாவட்டத்துக்குப் போகிறவர். கிராமசபையைக் கூட்டினால் அதில் அவர் இருக்க மாட்டார். இந்த வழி நேராகப் பொருந்துவது நீலகிரி போன்ற இடங்களுக்கு. அங்கே மலைத்தேன் எடுக்கும் குறும்பர்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிராமசபையும் காட்டு உரிமையும் இருக்கின்றன. காட்டோர நிலங்களில் எந்த மரபணு மாற்றுப் பயிர் வந்தாலும் அவர்கள் சம்மதம் கேட்கப்பட வேண்டும்.

இடத்தை மாற்றிக்கொண்டு போனால் என்ன?

கொள்கை பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போக வேண்டியதுதானே? 3 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 2,800 ஹெக்டேர், அதாவது சுமார் 7,000 ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவின் சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர். அந்த வட்டத்துக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நிலத்துக்காரர்கள் இருக்கலாம். யார் என்ன விதை போட்டார் என்று பெட்டி வைப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கடுகில் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இதன் சாயல் ஏற்கெனவே உண்டு. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இன்று பருத்திக் காட்டோரம் பெட்டி வைப்பவருக்குப் பி.டி. இல்லாத பருத்தி கிடைப்பது அரிது. மார்த்தாண்டத்தில் ரப்பர் தேன் எடுப்பவர்கள் இதில் தப்பினார்கள். ரப்பரில் தேன் சுரப்பது இளம் இலைக்காம்பின் சுரப்பிகளில், ஆகவே அந்தத் தேனில் ரப்பர் மகரந்தம் மிகக் குறைவு. மகரந்தத்தை மையமாக வைத்து எழுதும் எந்த விதியும் தேனுக்குத் தேன் வேறுபடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சர்க்கரைப்பாகு கலக்காத நல்ல தேன் என்று காட்ட நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரநிலை மகரந்த எண்ணிக்கையையும் பார்க்கிறது. கலப்படக்காரரிடமிருந்து தேன்காரரைக் காக்கும் அதே மகரந்தம், அடுத்த சோதனையில் அவரைக் காட்டிக்கொடுக்கலாம். வடிகட்டி எடுத்துவிட்டால் போலித் தேன் என்பார்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். லக்சம்பர்க் வழியைத் தனியாகக் கேட்பது தற்கொலை. இழப்பீடு இல்லாத நாட்டில் கண்டிப்பான உணவு விதி தேன்காரரை மட்டும் அடிக்கும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, விதிமுறைப்படி அல்லாமல் மரபணு மாற்று உணவை யாரும் விற்கக் கூடாது என்கிறது. அதன்கீழ் ஆணையம் 2021-இல் வெளியிட்ட வரைவு விதி, ஒரு சேர்மானத்தில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் லேபிள் வேண்டும் என்றது. தேன் மகரந்தம் சேர்மானமா இல்லையா என்று சட்டத்திலேயே தெளிவாக எழுதாவிட்டால், நம் ஊரிலும் யாரோ ஒரு சிறு தேன்காரர் நீதிமன்றம் ஏறித்தான் பதில் தெரியவரும். ஆகவே மகரந்தம் தேனின் இயல்பான பகுதி என்ற 2014 நிலையை ஏற்கலாம். ஆனால் அதை ஏற்கிற அதே விதியில், இழப்பீடு லேபிளைச் சார்ந்திராது என்று எழுதி வாங்க வேண்டும். சோதனை அறிக்கையைக் காட்டி வாங்குபவர் திருப்பி அனுப்பினாலோ விலை குறைத்தாலோ அதுவே இழப்பு.

இழப்பீட்டைத் தர வேண்டியவர் யார் என்பதில் ஜெர்மன் வழியை நான் பின்பற்ற மாட்டேன். அங்கே விதைத்த விவசாயி தருகிறார். நூற்றுக்கணக்கான ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு அது சரி. இங்கே இரண்டு ஏக்கர் கடுகு போட்டவரையும் நூறு பெட்டி வைத்தவரையும் மோத விடுவது அநியாயம். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்கிறவர்கள். தேனீயால் கடுகு விளைச்சல் கூடுகிறது, கடுகால் தேன் கிடைக்கிறது. அனுமதி வாங்கிய நிறுவனமோ ஆய்வகமோதான் தர வேண்டும். அதற்கு முன்பணமாக ஒரு நிதியை வைத்துவிட்டே விதையைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். சோதனைச் செலவும் அந்த நிதியிலிருந்தே போகட்டும்.

யுகாட்டானிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முன்கூட்டியே சொல்லும் கடமை. நம்மிடம் அதற்கான கருவி தயாராக இருக்கிறது. தேசியத் தேனீ வாரியம் 2021-இல் தொடங்கிய மதுகிராந்தி தளத்தில் தேனீ வளர்ப்போர் பெயரையும் பெட்டி எண்ணிக்கையையும் பதிவு செய்கிறார்கள். எங்கிருந்து வந்த தேன் என்று கண்டறிவதற்காக அமைத்தது அது. தகவல் ஒரு திசையில் மட்டும் போக வேண்டியதில்லை. மரபணு மாற்று விதை எந்த வட்டாரத்தில் விற்கப்பட்டது என்பதை விதைப்புக்கு முன்பே அங்கே பதிவிட்டால், பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் கைபேசியில் செய்தி போய்விடும். லாரி கிளம்புவதற்கு முன் அவர் முடிவெடுக்கலாம். வயல் வாரியாகக் காட்ட முடியாவிட்டாலும் வட்டார அளவில் தெரிந்தால் போதும். ‘மரபணு மாற்றுப் பயிர் இல்லாத வட்டாரத் தேன்’ என்று விரும்பி விற்க நினைப்பவருக்கும் இதே பதிவேடு சான்றாகும். நுகர்வோர் இழந்த உரிமையில் ஒரு பகுதி இப்படியாவது திரும்பக் கிடைக்கும்.

ஏற்றுமதிச் சந்தையில் அனுமதி வாங்குவதும் நிறுவனத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் உணவு அனுமதி வாங்காமல் இங்கே விதைக்க அனுமதித்தால், அந்தக் கதவு அடைபடுவதற்கான பணத்தையும் அதே நிதியில் கணக்கிட வேண்டும்.

கடைசியாக, எது முன், எது பின் என்ற வரிசை. 2022 அக்டோபர் 18 கூட்டத்தில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு டி.எம்.எச்.-11-ஐச் சுற்றுச்சூழலில் வெளியிடப் பரிந்துரைத்தபோது, தேனீக்கள் மீதும் பிற மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகள் மீதும் அதன் விளைவை வயலில் ஆராய வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தது. வெளியிட்ட பிறகு, இரண்டு ஆண்டுகளுக்குள். இந்த ஒரு வரியை மாற்றச் சொல்லிச் சங்கங்கள் கலந்தாய்வின் முதல் நாளே கேட்க வேண்டும். அந்த இரண்டு கடுகுப் பருவ ஆய்வும் வெளியீட்டுக்கு முன் நடக்கட்டும். தனிமைப்படுத்திய ஆய்வு நிலத்தில், இடம்பெயரும் தேனீ வளர்ப்போரின் பெட்டிகளையே வாடகைக்கு எடுத்து. தேனீக் கூட்டத்தின் வலிமை, தேன் வரத்து, தேனில் மகரந்தத்தின் அளவு, அந்தத் தேனுக்கு வாங்குபவர் சொன்ன விலை ஆகிய நான்கையும் அளக்கட்டும். அந்தத் தேன் எதுவும் விற்பனைக்குப் போகக் கூடாது. முழு விலையையும் ஆய்வு நடத்துபவர் கொடுத்துவிட வேண்டும்.